கொரியாவுக்கும் குவைத்துக்கும் இடையில்

1

பெப்ரவரி மாதத்தில் எனக்கு இரண்டு சுதந்திர தினங்கள் வருகின்றன. நான்காம் திகதி வருவது நான் பிறந்த நாட்டினுடையது. அன்று எங்கள் வீட்டில் யாரும் கொடி ஏற்றியதில்லை. அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார், அவ்வளவுதான். பதினேழாம் திகதி வருவது நான் இன்னும் கால் வைக்காத ஒரு நாட்டினுடையது. அன்று ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் நீலக் கொடியின் கீழே கைகோத்து வட்டமாக ஆடுகிறவர்களோடு நானும் நிற்பேன், காலைத் தப்புத் தப்பாக வைத்துக்கொண்டு.

இந்த வருடம் போகவில்லை. அந்த வாரம் முழுவதும் அகிமும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

அகிம் நான் கலியாணம் செய்யப்போகிறவன். கொசோவோக்காரன். மண்ணைத் தோண்டிப் பரிசோதித்து, இதன் மேல் கட்டடம் நிற்குமா என்று சொல்கிற ஒரு கம்பனியில் இருவரும் வேலை செய்கிறோம். யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து, மேற்படிப்புக்கென்று இங்கே வந்து, யூனியன்வில்லில் ஒரு அன்ரியின் பேஸ்மன்ற் அறையில் இருக்கிறேன். எனக்கு எதையும் ஆறுதலாகச் செய்யத் தெரியாது. ஒரு நாட்டின் பெயரைக் கேட்டால் அன்றைக்கே அதன் வரலாற்றைத் தேடி வாசித்து முடிக்கவேண்டும். அகிமோடு பழக்கம் தொடங்கியதே அப்படித்தான். மதியச் சாப்பாட்டு மேசையில் அவனுடைய நாட்டைப் பற்றி அவனுக்கே நான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் ஒரு இடத்தில் திருத்தலாமா?" என்றான்.

கலியாணம் யாழ்ப்பாணத்தில்தான் என்பது நாங்கள் விரும்பித் தேர்ந்தது அல்ல. அம்மாவும் அப்பாவும் கனடாவுக்கு வர இரண்டு தரம் விசா கேட்டார்கள். இரண்டு தரமும் கிடைக்கவில்லை. திரும்பிப் போவார்கள் என்ற நம்பிக்கை இல்லையாம். இங்கே பதிவுத் திருமணம் செய்வோம், வீடியோவில் பாருங்கள் என்றேன். "தாலி கட்டுறதை ரெலிபோனிலை பாக்கிறதுக்கோ நான் பெத்தனான்?" என்று அம்மா கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

ஆகவே ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஸ்காபறோவில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ரிக்கற் எடுக்கிற ஒரு கடைக்குப் போனோம். அந்த அண்ணை முப்பது வருடமாக ஆட்களை ஊருக்கு ஏற்றி இறக்குகிறவர். அகிமைப் பார்த்துச் சிரித்து, "தம்பி எந்த நாடு?" என்றார். சொன்னேன். கணினியில் தட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கொரியா இருக்கு. அதுக்குப் பிறகு குவைத். நடுவிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை. எழுத்துப் பிழையோ?"

"பிழை இல்லை அண்ணை. அது ஒரு நாடு."

"நாடு எண்டா லிஸ்டிலை இருக்கோணுமே."

அவருக்கு எங்களைக் கைவிட மனமில்லை. மூன்று நான்கு இடத்துக்குப் போன் எடுத்தார். ஒருவர் பிரச்சினை இல்லை என்றார், ஒருவர் கிட்டவும் போகவேண்டாம் என்றார். இலங்கை அந்த நாட்டை அங்கீகரிக்கவில்லை. அங்கீகரிக்காத நாட்டின் பாஸ்போட்டோடு போகிறவரை எந்த விமான நிலையத்தில் எவர் திருப்பி அனுப்புவார் என்று தன்னால் சொல்லமுடியாது என்றார் அண்ணை. அப்படியென்றால் சென்னையில் வைப்போம் என்று வாயெடுத்தேன். இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. அகிம் கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, பிறகு அது கைக்கு வரவேண்டும். நாங்கள் எழும்பும்போது அண்ணை எனக்குக் கிட்ட வந்து தமிழில் மெல்லச் சொன்னார்:

"தம்பி செர்பியாப் பாஸ்போட் ஒண்டு எடுக்கேலாதோ? அவை இவையளைத் தங்கடை ஆக்கள் எண்டுதானே இப்பவும் சொல்லினம். கேட்டாக் குடுப்பினமாம். ரெண்டு கிழமைக் கூத்து, கலியாணம் முடியத் தூக்கி எறியட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உண்மையில், அவ்வளவு சுலபமா என்று ஒரு துள்ளல்கூட வந்தது.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த நாடு எங்கே என்று சொல்லவேண்டும். அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

அம்மாவின் முதல் கேள்வி பெயர். அகிம் என்றேன். "அகிம்சையிலை வாற அகிமோ?" என்றார். அவர்களுடைய மொழியில் அதற்கு விடியல் என்று அர்த்தம். இரண்டாவது கேள்வி சமயம். முஸ்லிம் குடும்பம் என்றேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால், முஸ்லிம்களை ஊரைவிட்டே வெளியேற்றிய, நாங்கள் வாய் திறக்காத ஒரு தொண்ணூறாம் ஆண்டு இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தாண்ட எங்கள் வீட்டுக்கு ஒரு வருடம் எடுத்தது. மூன்றாவதுதான் நாடு. என்னோடு வேலை செய்கிற கோயம்புத்தூர்ச் சினேகிதி, "கொசுவோ?" என்று கேட்டு இன்றைக்கும் சிரிப்பாள். எங்களுக்குக் கொசு நுளம்பு என்பதால் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. "பெரிய நாடோ?" என்றார். எங்கள் வட மாகாணத்தைவிடச் சற்றுப் பெரியது அம்மா, அவ்வளவுதான்.

சுற்றிவர மலை, நடுவில் தட்டை நிலம். பல நூற்றாண்டுகள் துருக்கிய சுல்தான்களின் கீழ் இருந்தது. 1912இல் பால்கன் போரில் செர்பியா அதைப் பிடித்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அல்பேனிய மொழி பேசுகிறவர்கள். செர்பியர்களுக்கோ அது தங்கள் பழைய மடாலயங்களின் மண், தோற்ற பிறகும் பாடிக்கொண்டே இருக்கிற ஒரு போர்க்களத்தின் மண். ஒரே நிலத்துக்கு இரண்டு மனப்பாடங்கள். இதை எங்கள் ஆட்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

யூகோஸ்லாவியா என்ற பெரிய வீட்டுக்குள் 1974இல் கொசோவோவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. 1989இல் அது பறிபோனது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், தொழிலாளர்கள் என்று அல்பேனியர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடக் கதவுகள் மூடின. அப்போது அவர்கள் செய்ததுதான் என்னை ராத்திரி பகல் வாசிக்க வைத்தது. துவக்குத் தூக்காமல், இருந்த நாட்டுக்குள்ளேயே இன்னொரு நாட்டை நடத்தினார்கள். வீடுகளின் முன்னறையில் வகுப்பு. வாசலில் சப்பாத்துகள் குவிந்திருந்தால் பொலிஸ் கண்டுபிடித்துவிடும் என்று அகிமின் அக்கா தன்னுடையதைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் தரையில் இருப்பாளாம். சொந்தமாக வரி, சொந்தமாகத் தேர்தல், சொந்தமாக வைத்தியம். அம்மா சொன்ன அகிம்சை அவ்வளவு பிழையில்லை.

உலகம் மெச்சியது. மெச்சிவிட்டு, பொஸ்னியாப் போரை முடிக்க மேசை போட்டபோது கொசோவோவைக் கூப்பிடவில்லை. சும்மா இருக்கிறவனுக்கு மேசையில் கதிரை இல்லை என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தது. துவக்குகள் வந்தன. ஊர்கள் எரிந்தன. 1999இல் மேற்கு நாடுகளின் விமானங்கள் செர்பியாவில் குண்டுபோட்டன. அதே நாட்களில் சனம் இலட்சக்கணக்கில் எல்லைகளுக்குத் துரத்தப்பட்டது. படைகள் விலகியதும் ஐ.நா. வந்து ஆட்சியை எடுத்தது. கிட்டத்தட்ட ஒன்பது வருடம் அது நாடுமில்லை, மாகாணமுமில்லை. 2008 பெப்ரவரி பதினேழாம் திகதி சுதந்திரப் பிரகடனம். நான்கு வாரம் கழித்துக் கனடா அங்கீகரித்தது. இலங்கை உடனேயே எதிர்த்தது. இது ஒரு முன்னுதாரணமாகிவிடும் என்றது. யாருக்கு முன்னுதாரணம் என்று அன்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வருடம் கழித்துச் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று அபிப்பிராயம் சொன்னது. அது ஒரு நாடா என்று சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவில்லையாம்.

இன்றைக்கும் பாதி உலகம் ஓம் என்கிறது, மீதி இல்லை என்கிறது. ஐ.நா.வில் கதிரை இல்லை. தேசிய கீதத்துக்கு இசை மட்டும்தான், சொற்கள் இல்லை. எந்த மொழியில் பாடுவது என்ற சண்டையே வரக்கூடாது என்று விட்டுவிட்டார்கள்.

இங்கே எங்கள் ஆட்கள் கொசோவோ என்றதும் ஒரே விடயத்தைத்தான் கேட்பார்கள்: உவங்களுக்குக் கிடைச்சது, எங்களுக்கு ஏன் கிடைக்கேல்லை? ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு அங்கிள் அகிமை ஒரு மணித்தியாலம் மறித்து வைத்து அதைக் கேட்டார். திரும்பும் வழியில் அகிம் சொன்னான், தங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரே சனம் நாங்கள்தானாம். வென்ற பிறகு தங்கள் ஆட்களும் அயலிலிருந்த செர்பியர்களைத் துரத்தினார்கள் என்பதை அங்கிளிடம் சொல்ல முயன்றானாம். அங்கிள் கேக் எடுக்கப் போய்விட்டார்.

3

செர்பியாப் பாஸ்போட் பற்றி அகிமிடம் நான் கேட்டது அடுத்த நாள். கேட்டதும் அவன் கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. காரின் வைப்பர் பனியைத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தன் அம்மாவோடு கதைக்கவேண்டும் என்றான்.

அவனுடைய அக்கா குடும்பம், 1999இல் கனடா அகதிகளை விமானத்தில் ஏற்றிவந்தபோதே இங்கே வந்து ஒஷாவாவில் இருக்கிறது. தகப்பன் இறந்த பிறகு தாயையும் அங்கே கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்கு அல்பேனிய மொழி மட்டும்தான். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு பதினைந்து சொற்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சாப்பாடு. நாங்கள் போன சனிக்கிழமை அக்கா வேலைக்குப் போயிருந்தாள். தாய் மாவை ஒவ்வொரு படையாக ஊற்றி, ஒவ்வொரு படையாகச் சுட்டு அடுக்குகிற ஒரு ரொட்டி செய்துகொண்டிருந்தார். அதைச் செய்ய அரை நாள் போகும், நடுவில் விடமுடியாது. அகிம் அடுப்படியில் ஒரு ஸ்ரூலில் இருந்து பேசத் தொடங்கினான்.

நான் கதவடியில் நின்றேன். பாஸ்போட் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. தாய் திரும்பிப் பார்க்காமல் மாவை ஊற்றினார். இன்னொரு முறை அந்தச் சொல். மாவு ஊற்றிய கை நின்றது. அவர் கரண்டியை வைத்துவிட்டு, மகனை நேரே பார்த்து ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்வி. அகிம் அவர் கண்ணைப் பார்த்தபடி தலையை மேலும் கீழுமாக ஒரு தரம் ஆட்டினான். தெளிவாக. தாய் அவன் தலையில் கையை வைத்தார். பிறகு கரண்டியை எடுத்தார்.

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்களுக்காக அவன் ஒப்புக்கொண்டான், தாயும் ஆசீர்வதித்துவிட்டார் என்று நினைத்தேன். நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவான் என்று பயம். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குக் கஷ்டமான முடிவு, அமைதியாக விடுவோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன், எல்லாம் சரிவந்துவிட்டது என்று. அம்மா என்னைவிட வேகம். அந்தக் கிழமையே ஆவணியில் ஒரு நாள் பார்த்து, நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபம் எடுத்து, மாமாமார் சித்திமார் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார். வெள்ளைக்கார மாப்பிள்ளை என்று தெருவே கதைக்கிறதாம். கார்ட் அடிக்கிறவர் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் திருநிறைச்செல்வன் போடலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

4

அந்தக் கார்ட்டின் மாதிரியை நான் அகிமுக்குக் காட்டினது பெப்ரவரி இரண்டாம் கிழமை, ஸ்காபறோவில் ஒரு பிளாஸாவின் கார் தரிப்பிடத்தில். தன் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்து அவன் விரலால் தடவினான். எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று கேட்டான். நான் சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சந்தோசத்திலேயே, பெல்கிரேட்டுக்கு எப்போது போகிறாய், அதற்கு லீவு போடவேண்டுமே என்றேன்.

"பெல்கிரேட்டுக்கு ஏன்?"

"பாஸ்போட்டுக்கு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் சிரிப்புத்தான் இருந்தது. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறான்.

"நான் இல்லை என்று சொன்னேனே. உனக்கு முன்னால்தானே சொன்னேன்."

"நீ தலையாட்டினாய் அகிம். நான் பார்த்தேன்."

"ஆம். ஆட்டினேன்." அவன் மறுபடி தலையை மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினான். "இது இல்லை."

அவர்கள் பக்கத்துப் பழைய வழக்கத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பக்கவாட்டில் ஆட்டினால் ஓம். எனக்கு அது தெரியாதா? தெரியும். அகிமைச் சந்தித்த முதல் மாதமே எங்கோ வாசித்துவிட்டு, அலுவலகத்தில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தவள் நான். ஆனால் என்னோடு அவன் எப்போதும் கனடாத் தலையைத்தான் ஆட்டினான். தாயோடு கதைக்கும்போது மட்டும் தலை ஊருக்குப் போய்விடும் என்று யாருக்குத் தெரியும்? அவன் பக்கவாட்டில் ஆட்டியிருந்தால் எனக்கு ஒரு குழப்பமும் வந்திருக்காது. எங்கள் தலையும் அப்படித்தானே ஓம் சொல்லும். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஆவணியில் ஒரு மண்டபமும் முந்நூறு சொந்தக்காரரும் என் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள்.

நான் விடவில்லை. ஒரு கடதாசிதானே என்றேன். இரண்டு கிழமைக் கூத்து என்று அண்ணை சொன்னதையே திருப்பிச் சொன்னேன். என் அம்மா தெருவில் தலை காட்டவேண்டாமா என்றேன். அவன் காரின் எஞ்சினை நிறுத்தினான். வெளியே பனி, உள்ளே கண்ணாடி மெல்ல மங்கியது.

தாய் கேட்ட கேள்வி என்ன என்று தெரியுமா என்று கேட்டான். தெரியாது. "எங்களிடம் பறித்ததை அவர்கள் திருப்பித் தருகிறார்களா?" என்றுதான் கேட்டாராம். அதற்குத்தான் அவன் இல்லை என்று தலையாட்டியது. திருப்பித் தராதவர்களிடம் போய்க் கேட்கமாட்டேன் என்பதும் அந்த இல்லைக்குள்தான் இருந்ததாம்.

பிறகு சொன்னான். அவனுக்கு அப்போது ஏழு வயது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் இரண்டு குடும்பம். அல்பேனிய எல்லையில் பொலிஸ் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை, பாஸ்போட், பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் எல்லாவற்றையும் கேட்டது. கொடுக்கும்வரை அடி. வாங்கிக் கிழித்து ஒரு குவியலில் போட்டார்கள். உழவு இயந்திரத்தின் இலக்கத் தகட்டையும் கழற்றினார்கள். பிறகு ஒருவன், இனி நீங்கள் இங்கே பிறக்கவில்லை என்றானாம். தாய் மட்டும் அகிமின் பிறப்புப் பத்திரத்தை அவனுடைய சப்பாத்துக்குள் மடித்து வைத்திருந்தார். அதைத் தேடவில்லை. ஆனால் மழை. அன்று முழுவதும் சேற்றில் நடந்ததில் அது மாவாகிவிட்டது.

"அந்த நாட்டிடம் போய், நான் உன் பிள்ளை, ஒரு பாஸ்போட் தா என்று கேட்கச் சொல்கிறாயா?"

நான் வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. என் பாஸ்போட்டின் அட்டையில் வாள் பிடித்த சிங்கம் இருக்கிறது, அதைத்தான் நானும் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றுகிறேன், ஒவ்வொரு தடவையும் செத்தா போகிறேன் என்று கேட்டேன். அவன் மங்கிய கண்ணாடியைக் கையால் துடைத்தான். பிறகு, "உனக்கு வேறு இல்லை. எனக்கு இருக்கிறது," என்றான்.

என்னை வீட்டடியில் இறக்கிவிட்டுப் போனான். கார்ட் மாதிரியை டாஷ்போட்டில் இருந்து எடுக்க மறந்துவிட்டேன்.

5

அடுத்த ஏழு நாளும் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. மண் மாதிரிகளின் எண்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டோம். பதினேழாம் திகதி மாலை அவன் மண்டபத்துக்குத் தனியப் போனான். நான் அறையில் இருந்துகொண்டு அம்மாவுக்குச் சொல்ல ஒரு பொய் தயாரித்தேன். அகிமுக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம். நல்ல பொய். கனடாவில் லீவு இல்லை என்றால் ஊரில் எல்லாரும் நம்புவார்கள். அதற்குப் பிறகு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று அம்மாவின் குரல் எப்படிச் சுருங்கிக்கொண்டு போகும் என்றும் தெரிந்திருந்தது. அகிமும் நானும் அதுவரை இருப்போமா என்பது தெரியவில்லை.

சனி காலை அவன் வந்து கதவைத் தட்டினான். கையில் கார்ட் மாதிரி. உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ மொழிபெயர் என்றான். நான் மறுத்தேன். சண்டை பிடிப்பதென்றால் பிறகு பிடிப்போம், பொய் சொல்லவேண்டாம் என்றான். பொய்யைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வருடத்தில் என்னை அவ்வளவு படித்துவைத்திருக்கிறான்.

ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். அம்மா போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அகிமைக் கண்டதும் தலைமயிரைச் சரிசெய்தார். அவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். உழவு இயந்திரம். எல்லை. குவியல். நீங்கள் இங்கே பிறக்கவில்லை. அந்த வசனத்தைத் தமிழில் நான் இரண்டு தரம் தொடங்கவேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் கேட்டபோது அது இவ்வளவு கிட்ட வரவில்லை. அம்மா அடுப்பை நிற்பாட்டினார்.

"எல்லாத்தையுமோ கிழிச்சவங்கள்?"

"ஓம் அம்மா."

"தாயும் பாத்துக்கொண்டு நிண்டவவோ?"

"ஓம்."

அம்மா புட்டை இறக்கி வைத்தார். பிறகு என்னிடம்தான் பேசினார், ஆனால் கண் அகிமில் இருந்தது.

"எங்கடை அடையாள அட்டையை ஆமிக்காரன் வாங்கினா, அவன் திருப்பித் தருமட்டும் அவன்ரை கையைத்தான் பாத்துக்கொண்டு நிப்பம். முகத்தைப் பாக்கிறேல்லை, கையைத்தான். எங்களுக்குத் திருப்பித் தந்தவங்கள் பிள்ளை. அவவுக்குத் தரேல்லை."

நான் மொழிபெயர்க்கத் தொடங்க, அம்மா என்னை மறித்தார்.

"உவரை வரவேண்டாம் எண்டு சொல்லு."

அகிம் என் முகத்தைப் பார்த்தான். என்ன சொன்னார் என்று கேட்கிற துணிவு அவனுக்கு வரவில்லை. கலியாணமே வேண்டாமா அம்மா என்று கேட்டேன்.

"ஆர் அப்பிடிச் சொன்னது? இஞ்சை வரவேண்டாம் எண்டு சொல்லு. அந்தப் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வந்து என்ரை வாசலிலை நிண்டா, அது ஆரெண்டு நான் ஆலாத்தி எடுக்கிறது? நாங்கள் வாறம்."

"எங்கை அம்மா வருவியள்? கனடாதான் விடேல்லையே."

"கனடாவை ஆர் இப்ப கேட்டது? உவற்றை பாஸ்போட்டையும் எங்கடை பாஸ்போட்டையும் உள்ளுக்கை விடுற ஒரு இடம் இந்த உலகத்திலை இல்லையோ? நீதானே படிச்சனி. தேடிப் பார்."

தேடினோம். அன்று பகல் முழுவதும் இரண்டு கணினியோடு இருந்து தேடினோம். கொசோவோவை அங்கீகரித்த நாடுகள் ஒரு பக்கம், இலங்கைப் பாஸ்போட்டோடு அதிகம் கேள்வியில்லாமல் இறங்கக்கூடிய நாடுகள் இன்னொரு பக்கம். இரண்டிலும் இருக்கிற பெயர்கள் அதிகமில்லை. தாய்லாந்து இருந்தது. பாங்கொக்கில் ஒரு மாரியம்மன் கோயிலும் இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை. கொழும்பில் இருந்து பறக்கிற நேரத்தைப் பார்த்துவிட்டு, யாழ்தேவி ரெயினில் கொழும்புக்குப் போக இதைவிடக் கூட நேரம் செல்லும் என்றார்.

அகிமும் நானும் அந்தச் சண்டையை இன்னும் முழுதாகப் பிடித்து முடிக்கவில்லை. அவன் என்னிடம் சொல்லாமல் விட்டது, நான் அவனிடம் கேட்காமல் விட்டது என்று கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஒஷாவாவுக்குப் போய் அவன் தாய்க்குப் பாங்கொக் என்று சொன்னபோது, மாரியம்மன் யார் என்று கேட்டார். மழை தருகிறவள் என்று அகிம் சொல்லியிருக்கிறான். மழை போதும் என்றாராம்.

6

மண்டபத்தை விடுகிற வேலை அம்மாவுடையது. லீவுப் பொய்யை நான் இன்னும் கையில் வைத்திருந்தேன். ஊருக்காவது அதைச் சொல்லுங்கள் அம்மா, முந்நூறு பேருக்கு எப்படி விளங்கப்படுத்துவீர்கள் என்றேன். சரி பார்ப்போம் என்றார். அடுத்த ஞாயிறு எடுத்து நடந்ததைச் சொன்னார்.

மண்டபத்துப் பெடியன் பதிவுக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு என்ன காரணம் என்று கேட்டிருக்கிறான். அம்மா, மாப்பிள்ளையின் நாட்டை இலங்கை இன்னும் நாடு என்று ஒத்துக்கொள்ளவில்லை என்றிருக்கிறார். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. அது என்ன நாடு என்று கேட்க, அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொல்லியிருக்கிறார். துருக்கி ராசா, 1912, முன்னறையில் பள்ளிக்கூடம், சப்பாத்துப் பை, குண்டுபோட்ட விமானங்கள், நீதிமன்றம். நடுவில் ஆண்டுகளை மாற்றியிருப்பார், பொஸ்னியாவைப் பொலநறுவை மாதிரி உச்சரித்திருப்பார். ஆனால் பின்னால் மண்டபம் கேட்டு வந்த இரண்டு குடும்பம் நின்று கேட்டதாம். கடைசியில் பெடியன் பேனையைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக ஒரு யோசனை சொல்லியிருக்கிறான்: அப்படியென்றால் கொப்பியில் பெயரை வெட்டத் தேவையில்லை அன்ரி, இலங்கை ஒத்துக்கொள்ளும்வரை தள்ளிப் போடலாமே.

அம்மா என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வெட்டுங்கோ தம்பி எண்டன். நாடுகள் ஒத்துக்கொள்ளுமட்டும் பாத்துக்கொண்டிருந்தா பிள்ளையள் கிழடாப் போயிடுவினம்."